தாராசுரத்தில் குனிந்து பாருங்கள்

ஐயா,

கும்பகோணம் பக்கத்திலேயே இருப்பதால், ஊருக்கு வரும் உறவினர்களை தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்கு அழைத்துப் போவது என் வழக்கம். துர்வாசர் சாபத்தால் நிறம் மங்கிய இந்திரனின் வெள்ளை யானை ஐராவதம் இங்கே வழிபட்டு மீண்டும் வெண்மை பெற்றது என்பது தல வரலாறு.

12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எடுப்பித்த கோயில். தேர்ச்சக்கரமும் குதிரைகளும் கொண்ட மண்டபத்தில் படமெடுத்துக்கொண்டு பலரும் திரும்பிவிடுகிறார்கள். கருவறைச் சுவரின் அடிப்பகுதியை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அங்கேதான் நாயன்மார் கதைகள் சாண் அளவுச் சிற்பங்களாக இருக்கின்றன. முதலை வாயிலிருந்து பிள்ளை வெளியே வரும் காட்சியைக் காட்டியதும் என் பேத்தி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் சுந்தரர் கதை முழுவதும் சொன்ன பிறகுதான் எழுந்தாள்!

அன்று ஒருவர் படத்துக்காகக் கல்குதிரை மேல் காலை வைத்து ஏறினார். வேண்டாம் என்றேன், இறங்கிவிட்டார். தட்டினால் ஸ்வரம் எழும் பலிபீடப் படிகளுக்குக் கம்பிவேலி போட வேண்டி வந்ததும் நம்மால்தானே? சுற்றுலா அழைத்து வரும் ஆசிரியர்கள், உள்ளே நுழையும் முன்பே பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிடுங்கள். நாயன்மார் சிற்பங்களுக்கு அரைமணி நேரமாவது ஒதுக்குங்கள்.

ஒரு வாசகி,
கும்பகோணம்.