ஞாயிறு காலை ஏழரை மணிக்கு

உப்புவெளி,
திருகோணமலை.
20.01.2026

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் இங்கு நலம். உன் நலத்தை நாள்தோறும் கோணேசரிடம் வேண்டுகிறோம். தைப்பொங்கலன்று நீ எடுத்த அழைப்பு நான்கு நிமிடத்தில் முடிந்துவிட்டது. பொங்கற்பானையை உனக்குக் காட்டவென்று அம்மா தொலைபேசியை வாங்கிக்கொண்டு முற்றத்துக்கு இறங்குவதற்குள், வகுப்புக்கு நேரமாகிறது என்று சொல்லி வைத்துவிட்டாய். சுவரில் உன் ஊர் நேரத்துக்கு வைத்திருக்கும் மணிக்கூட்டை நான் பார்த்தேன். அங்கே இரவு ஏழரை மணி கடந்திருந்தது. அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை.

அண்ணா வீட்டுக் கூரை வேலை பாதியில் நிற்பதையும், மழை விடாததால் நிலாவெளிக் காணியில் வேலி போட முடியாமற் போனதையும், பக்கத்து வீட்டுக் கிணற்றுத் தகராறு ஒருவாறு தீர்ந்ததையும் விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அவற்றையெல்லாம் அம்மா உனக்குச் சொல்லிக்கொள்வார். மூன்று மாதமாக என் மனத்தில் கிடப்பது வேறு. நீ அமெரிக்காவின் மடிசனுக்குப் போன முதல் மூன்று ஆண்டுகளில், நீ பேசும் பத்து வசனங்களில் நான்கிலாவது உன் பேராசிரியை இருப்பார். அவர் ஏரியில் படகு ஓட்டியது, உன் கட்டுரையை வரிக்கு வரி திருத்தித் தந்தது, பனிக்காலத்துக்கென்று தன் பழைய மேற்சட்டையைக் கொடுத்தது எல்லாம் எங்களுக்குத் தெரியும். ஐப்பசியிலிருந்து அவரைப் பற்றி நீ ஒரு சொல்லும் சொல்லவில்லை. தீபாவளியன்று அம்மா அவரைச் சுகம் விசாரித்தபோது, நீ பனியைப் பற்றிப் பேசினாய். ஐப்பசியில்தான் உனக்குக் கலாநிதிப் படிப்பின் நடுவில் வரும் அந்தப் பிரிலிம் சோதனை என்று சமையலறை நாட்காட்டியில் நான் குறித்து வைத்திருந்தேன்.

என் மருந்தைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். சென்ற கிழமை பார்த்தபோது 2.4. மருந்தின் வேலை மாறாதிருக்க, அம்மா முருங்கையிலையையும் வல்லாரையையும் கிழமைக்கு ஒரே அளவாகத்தான் சமைக்கிறார். ஒவ்வோர் இரவும் இரத்தம் கட்டிபடாமலிருக்கத் தந்த அந்த வார்ஃபரின் மாத்திரையைக் கையில் எடுக்கும்போது, நீ முதலாம் ஆண்டில் உற்சாகமாகச் சொன்ன கதை எனக்கு நினைவு வரும். 1933ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஒரு விவசாயி, கெட்டுப்போன தீவனத்தைத் தின்று இரத்தம் கசிந்து இறந்த மாட்டையும், உறையாத இரத்தம் நிறைந்த ஒரு பாற்பாத்திரத்தையும் ஏற்றிக்கொண்டு பனிப்புயலில் உங்கள் பல்கலைக்கழகத்துக்கு வந்ததையும், அந்த இரத்தம் உறையாததற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுக்க அங்குள்ள ஆய்வுகூடத்துக்கு 1939 வரை ஆறு ஆண்டுகள் சென்றதையும் நீ சொன்னாய். அதன் வழியில் பின்னர் வந்த மருந்துதான் இது என்றும், அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிதியத்தினுடைய ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே மாத்திரையின் பெயரில் இருக்கின்றன என்றும் நீதான் எனக்குச் சொல்லித் தந்தாய். கிளினிக்கில் வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் இருப்பவர்களிடமெல்லாம், இந்த மருந்து பிறந்த இடத்தில்தான் என் மகள் கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கிறாள் என்று நான் சொல்லியிருக்கிறேன். ஒரு முறையல்ல, மாதந்தோறும் சொல்லியிருக்கிறேன்.

நீ அங்கே போய்ச் சேர்ந்தது எளிய காரியமல்ல. 1848இல் தொடங்கிய அரச பல்கலைக்கழகம், 40,000க்கும் மேற்பட்ட மாணவர்கள், நன்னீரியல் என்ற துறையையே அமெரிக்காவில் வளர்த்தெடுத்த பேர்ஜ், ஜூடே ஆகியோர் வேலை செய்த ஏரிக்கரை. 1850களிலிருந்து மென்டோட்டா ஏரி உறைந்த நாளையும் உருகிய நாளையும் ஆண்டு தவறாமல் குறித்து வருகிறார்கள் என்று நீ சொன்னபோது, இத்தனை ஆண்டு பொறுமையுடைய இடத்தில் என் பிள்ளை இருக்கிறாள் என்று மகிழ்ந்தேன். நீ அனுப்பிய விண்ணப்பத்தில் கந்தளாய்க் குளம் 1986 ஏப்ரலில் உடைப்பெடுத்ததைப் பற்றி எழுதியிருந்தாய். நீ பிறப்பதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் நடந்ததை, நான் சைக்கிளில் வைத்துக் குளக்கட்டில் கூட்டிச் சென்றபோது சொன்னதைக் கொண்டே அத்தனை துல்லியமாக எழுதியிருந்தாய். அந்தப் பக்கத்தை இப்போதும் என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் நான் ஊரெங்கும் சொன்னது உனக்குப் பிடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். சின்னத்தையின் மகள் கலியாண வீட்டில் நடந்ததை நீ மறந்திருக்கமாட்டாய். அன்றே நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். ஆனாலும் மகளே, பெற்றவர்களிடம் ஒரு சொல் சொல்லாமல் மூன்று மாதம் இருக்கலாமா? மாதந்தோறும் நூறு டொலரைத் தவறாமல் அனுப்புகிறாய். அனுப்ப வேண்டாம் என்று எத்தனை தரம் சொன்னேன்! வாரத்துக்கு இருபது மணித்தியாலம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி, விடைத்தாள் திருத்தி வாங்கும் உதவிப்பணம் அது. அந்தப் பணத்துக்குப் பதிலாக இரண்டு வசனம் அனுப்பியிருந்தால் அம்மா இரவில் எழும்பித் திண்ணையில் உட்கார்ந்திருக்கமாட்டார். இதை எழுதிய பிறகு வெட்டிவிடலாமா என்று யோசித்தேன். வெட்டவில்லை.

நேரே போய் உன் பேராசிரியையோடு கதை. இதைத்தான் உனக்குச் சொல்ல விரும்புகிறேன். என்ன நடந்திருந்தாலும் நேரே போய்க் கதை. உன் பேராசிரியையைப் பெயர் சொல்லி அழைப்பதாக நீ முதலில் சொன்னபோது நான் உன்னைக் கடிந்துகொண்டேன். குருவைப் பெயர் சொல்லி அழைக்கும் ஊரும் ஒரு ஊரா என்று கேட்டேன். அது என் பிழை. பெயர் சொல்லிக் கதவைத் தட்டக்கூடிய ஓர் ஊரில் நீ இருக்கிறாய். தட்டு. அந்தச் சோதனையில் ஆய்வுத் திட்டத்தை எழுதிக் கொடுத்து, நான்கைந்து பேராசிரியர்களின் முன்னிருந்து கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றும், முதன்முறை சரிவராவிட்டால் மறுமுறைக்கு இடமுண்டென்றும், அதுவும் வேண்டாமென்றால் முதுமாணிப் பட்டத்தோடு மரியாதையாக வெளியேறுகிறவர்களும் இருக்கிறார்கள் என்றும் நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். சொன்ன நாளில் அதை யாரோ மற்றவர்களுடைய கதை போலச் சொன்னாய், நானும் அப்படித்தான் கேட்டேன். மாணவர்களுக்கென்று அங்கே சுகாதார நிலையம் இருக்கிறது, மனம் சோர்ந்தால் கட்டணமின்றிக் கதைக்க ஆள் இருக்கிறது. உன்னைப் போன்ற உதவி ஆசிரியர்களுக்கு 1966இல் தொடங்கிய சங்கம் இருக்கிறது. உலகிலேயே பட்டதாரி மாணவர்களின் மிகப் பழைய தொழிற்சங்கம் என்று பெருமையாகச் சொல்லி, நீயும் அதில் சேர்ந்தாய். இவ்வளவு வாசல்கள் இருக்கும்போது அறைக்குள்ளே இருக்காதே. வேளைக்குச் சாப்பிடு. காலுக்கு இரட்டைக் காலுறை போடு. அவரிடம் நேரே போய்க் கதை.

இதை ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று நீ சலித்துக்கொள்வாய். காரணத்தை இதுவரை ஒருவருக்கும் நான் சொன்னதில்லை. அம்மாவுக்கும் தெரியாது.

ஆடிக் கலவரத்தால் அப்பாவின் மேற்படிப்பு நின்றது என்றுதான் நம் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். உன் அப்பம்மா சாகும்வரை அப்படித்தான் சொன்னார். நீயும் பாடசாலைக் கட்டுரை ஒன்றில் அதை எழுதிப் பரிசு வாங்கினாய். அது உண்மையல்ல. நான் 1981இல் பேராதனையில் புவியியலில் முதுதத்துவமாணிக்குப் பதிந்தேன். தம்பலகாமத்து வயல்களுக்குக் கந்தளாய்த் தண்ணீர் பாய்ந்த வழிதான் என் பொருள். 1983 தை மாதம் முதல் அத்தியாயத்தை என் மேற்பார்வையாளரிடம் கொடுத்தேன். முப்பத்து நான்கு பக்கம். ஒரு மாதம் கழித்து அது திரும்பி வந்தபோது பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. முதற்பக்கத்தின் மேல் ஓரத்தில் அவர் சின்ன எழுத்தில், ‘புதன்கிழமை வாருங்கள், இருந்து பேசுவோம்’ என்று எழுதியிருந்தார். நல்ல மனிதர். என்னை அவமானப்படுத்தும் ஒரு சொல்லும் அந்தத் தாள்களில் இல்லை.

அந்தப் புதன்கிழமை நான் அவருடைய அறை வாசல்வரை போனேன். உள்ளே அவர் யாருடனோ சிரித்துப் பேசும் குரல் கேட்டது. பிறகு வரலாம் என்று திரும்பினேன். அடுத்த புதனும் திரும்பினேன். மூன்றாவது கிழமை கண்டிக்குப் போய், திருகோணமலை பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். வயிற்று வருத்தம் என்று அப்பம்மாவிடம் சொன்னேன். மேற்பார்வையாளரிடமிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டுக்கும் நான் பதில் எழுதவில்லை. பங்குனி, சித்திரை, வைகாசி என்று நாட்கள் போயின. ஒவ்வொரு நாளும் தாமதமாகப் போவதற்கான வெட்கம் முந்தைய நாளைவிடக் கூடிக்கொண்டே போனது. பிறகு ஆடியில் ஊர் எரிந்தது. அதன்பின் யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எத்தனையோ பிள்ளைகளின் படிப்பையும் உயிரையும் உண்மையாகவே பறித்த அந்த நெருப்புக்குள் என் கோழைத்தனத்தையும் போட்டு மறைத்தேன். நாற்பத்திரண்டு ஆண்டுகளாக அதை அப்படியே விட்டிருக்கிறேன்.

2017இல் உன்னைப் பேராதனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த நாள் உனக்கு நினைவிருக்கும். கலஹா வீதியில் பெட்டிகளை இறக்கிவிட்டு, உள்ளே வாங்கோ அப்பா, நீங்கள் படித்த இடத்தைக் காட்டுங்கோ என்று என் கையைப் பிடித்து இழுத்தாய். கால் நோகிறது, மரநிழலில் இருக்கிறேன் என்று சொன்னேன். உன் கை விட்டுப்போனது. நீ உன் பதிவுகளை முடித்து வரும்வரை ஆற்றுப்பக்கம் போய் நின்று, இந்த மகாவலிதான் நம் கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கால் நோகவில்லை. என் மேற்பார்வையாளர் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தத் தாழ்வாரத்தில் அவர் எதிரே வந்துவிடுவார் என்று பயந்தேன்.

நான் முடிக்காமற்போன படிப்பை நீ முடிப்பாய் என்று நினைத்தேன் போலிருக்கிறது. ஊரெங்கும் உன் பட்டத்தைச் சொல்லித் திரிந்ததற்குக் காரணம் அதுதான் என்று இப்போது படுகிறது. அதனால்தான் உன்னால் எங்களிடம் ஒன்றும் சொல்ல முடியவில்லை என்றால், அந்தப் பாரத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். நீ சித்தியடைந்திருந்தால் எனக்கு மகிழ்ச்சி. இல்லாவிட்டால் மறுமுறை எழுது. எழுத மனமில்லாமல் வருவதென்றால் வா. முன்னறை அலுமாரியை அம்மா உனக்கென்றுதான் வெறுமையாக வைத்திருக்கிறார். ஆனால் எதைச் செய்தாலும் அதற்கு முன் உன் பேராசிரியையின் கதவைத் தட்டி, முகம் பார்த்துச் சொல்லிவிட்டுச் செய். சொல்லாமல் மட்டும் வந்துவிடாதே.

அந்த முப்பத்து நான்கு பக்கமும் அப்பம்மாவின் தகரப்பெட்டியில் இன்னும் இருக்கின்றன. முதற்பக்கத்தை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். மை மங்கிவிட்டது. வெளிச்சத்தில் பிடித்தால் மேல் ஓரத்து வரியை வாசிக்கலாம்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அம்மா காளி கோயிலுக்குப் போனால் எட்டரைக்குத்தான் வருவார். ஏழரைக்கு நான் தனியே இருப்பேன். உனக்கு அது சனி இரவு எட்டு மணி. பங்குனியில் அங்கே மணிக்கூட்டை மாற்றினால் ஒன்பதாகிவிடும். அப்போது எடுத்தாலும் நான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா