ஜாவா பாஸ்டனுக்கு வரவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான அமெரிக்கப் போர்க்கப்பல் 'கான்ஸ்டிட்யூஷன்' பற்றிய கட்டுரை, 1812 டிசம்பர் 29 அன்று பிரேசில் கரைக்கு அப்பால் தான் வென்ற 'ஜாவா'வை அது பாஸ்டன் துறைமுகத்துக்கு இழுத்து வந்ததாகக் கூறுகிறது. பாய்மரங்கள் அனைத்தையும் இழந்து, அத்தனை தொலைவு கொண்டுசெல்ல இயலாத நிலையில் கிடந்த அந்தப் பிரிட்டிஷ் கப்பலை, அதிலிருந்தவர்களைத் தம் கப்பலுக்கு மாற்றிய பின், கேப்டன் வில்லியம் பெயின்பிரிட்ஜ் அங்கேயே தீயிட்டு அழித்தார் என்பதைத் தாங்கள் அறியாதவர் அல்லர். ஆகவே அச்சுக்கோத்தவர் மீதே பழியைப் போட்டுக்கொள்கிறேன்.

அந்தச் சண்டையில் கான்ஸ்டிட்யூஷனின் சுக்கான் சக்கரம் குண்டுபட்டுச் சிதறியது. மேலிருந்து வந்த கட்டளைகளுக்கேற்பக் கீழ்த்தளத்து மாலுமிகள் கயிறுகளை இழுத்தே கப்பலைத் திருப்பினார்கள். நான் சரக்குக் கப்பல்களில் சுக்கானியாக இருந்து ஓய்வு பெற்றவன். வங்கக் கடலில் ஒருமுறை சுக்கான் பொறி பழுதானபோது, கடலே கண்ணில் படாத பின்புற அறையில் நின்று, தொலைபேசியில் கேட்ட குரலை மட்டும் நம்பிக் கப்பலைத் திருப்பியிருக்கிறேன். எங்களை யாரும் சுடவில்லை, ஆயினும் கை நடுங்கியது. ஜாவாவைக் கொளுத்துமுன் அதன் சக்கரத்தைக் கழற்றித் தம் கப்பலில் பொருத்திக்கொண்டார் பெயின்பிரிட்ஜ். தளபதிகளின் சீருடைப் பொத்தான்களுக்கு ஒரு பத்தியே ஒதுக்கிய கட்டுரையாளருக்கு இதைச் சொல்ல இடமில்லாமல் போயிற்று.

ஜாவாவில் பயணியாக இருந்து கைதியானவர்களுள் ஒருவர், பம்பாயில் பதவியேற்கச் சென்றுகொண்டிருந்த தாமஸ் ஹிஸ்லப். பின்னாளில் சென்னைப் படையின் தலைமைத் தளபதியாகி, 1817இல் மத்திய இந்தியாவின் மகித்பூரில் மராட்டிய மன்னர் ஹோல்கரின் படையை வென்றவர் இவரே. சென்னையில் அச்சாகும் இதழுக்கு இவரும் வேண்டாதவராகிவிட்டார்.

முன்பு இதே கப்பலை 'உலகின் மிகப் பழைய போர்க்கப்பல்' என்று எழுதினீர்கள். 1765இல் நீரில் இறக்கப்பட்ட 'விக்டரி' இன்றும் போர்ட்ஸ்மத்தில் உலர்துறையில் நிற்கிறது. 1797இல் இறக்கப்பட்ட கான்ஸ்டிட்யூஷன், கடற்படைப் பணியில் நீடித்தபடி இன்னும் மிதப்பவற்றுள் மூத்தது, அவ்வளவே. அதைச் சுட்டி நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பிறகொரு முறை, மூன்றடுக்குப் பீரங்கித் தளங்கள் கொண்ட ஏதோ ஒரு கப்பலின் படத்துக்குக் கீழே கான்ஸ்டிட்யூஷன் என்று குறிப்பு வந்தது. அப்போது நான் எழுதவில்லை. அஞ்சல் தலையை மிச்சப்படுத்தினேன்.

ஜாவா பாஸ்டனுக்கு வரவில்லை என்று, அடுத்த இதழில் எந்த மூலையிலாவது ஒருவரித் திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுக்கானி,
தூத்துக்குடி.