மட்கு எத்தனை லிட்டர்?

அன்புள்ள முத்து,

கடிதம் கிடைத்தது. நான்கு பாத்தி, ஒவ்வொன்றும் 1.2 மீட்டர் அகலம், 3 மீட்டர் நீளம் என்று எழுதியிருக்கிறாய். அளவு சரி. இரண்டு பக்கமும் நின்று 60 சென்டிமீட்டர் கை எட்டினால் போதும், பாத்திக்குள் கால் வைக்கவே தேவையில்லை. எந்த முறையில் போனாலும் மிதிக்காத மண் என்பது மட்டும் மாறாது.

கொத்தாத முறையா, இரட்டைக் கொத்தா, சதுர அடிப் பாத்தியா, பெர்மாகல்ச்சரா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறாய். அதைக் கொஞ்சம் ஓரமாக வை. உன்னிடம் மட்கு, அதாவது மட்கி முடிந்த கம்போஸ்ட் உரம், எத்தனை லிட்டர் இருக்கிறது?

கணக்கைப் பார். கொத்தாத முறையில் புதுப் பாத்தி போட, மண்ணைக் கிளறாமல் அதன்மேல் அட்டைப்பெட்டி அட்டையை விரித்து, அதற்கு மேல் 15 சென்டிமீட்டர் மட்கு பரப்பச் சொல்வார்கள். உன் பாத்தி ஒன்றின் பரப்பு 3.6 சதுர மீட்டர். அப்படியானால் பாத்திக்கு 540 லிட்டர், நான்குக்கும் 2,160 லிட்டர். ஒரு மீட்டர் நீள, அகல, உயரமுள்ள குவியல் 1,000 லிட்டர். மட்கி முடிந்தால் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். தொடங்குவதற்கே ஐந்து குவியல் வேண்டும் என்று ஆகிறது. அடுத்த வருடத்திலிருந்து 3 சென்டிமீட்டர் மேலே தூவினால் போதும். நான்கு பாத்திக்கும் சேர்த்து 430 லிட்டர்தான், ஏறக்குறைய ஒரு குவியல். ஆக, இந்த முறை நடத்துவதற்குச் சுலபம், தொடங்குவதற்குத்தான் கனம். மூட்டை மூட்டையாக வெளியிலிருந்து மட்கு வாங்கிக் கொட்டிவிட்டு அதைத் தற்சார்பு என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

இரட்டைக் கொத்து இதற்கு நேர் எதிர். மேல் மண்ணை 30 சென்டிமீட்டர் எடுத்து ஓரம் வைத்துவிட்டு, அடியில் இன்னொரு 30 சென்டிமீட்டரைப் புரட்டாமல் கடப்பாரையால் நெம்பித் தளர்த்த வேண்டும். மட்கு குறைவாகத்தான் செலவாகும், முதுகுதான் செலவு. இறுகிப்போன மண்ணுக்கு இதுபோல் வேகமான வைத்தியம் கிடையாது. ஆனால் ஒவ்வொரு பருவமும் செய்தால் கெடுதல்: பூஞ்சை இழை அறுபடும், காற்றுப் பட்டுக் கரிமம் சீக்கிரம் எரியும், ஆழத்தில் தூங்கிய களை விதையெல்லாம் வெளிச்சத்துக்கு வந்து முளைக்கும். ஒரே ஒரு தடவை கொத்து, பிறகு விட்டுவிடு. கொத்துவதற்கு முன் ஒரு பிடி மண்ணை உருட்டிப் பெருவிரலால் அழுத்திப் பார். உதிர்ந்தால் கொத்தலாம். களிம்பு போல் வழுவழுத்துப் பளபளத்தால் இரண்டு மூன்று நாள் பொறு. ஈரக் களிமண்ணைக் கிளறினால் காய்ந்ததும் செங்கல்தான்.

உன் மண்ணுக்குக் கொத்து வேண்டுமா என்பதை ஒரு கம்பி சொல்லிவிடும். நன்றாக நனைத்த மறுநாள், பென்சில் கனமுள்ள இரும்புக் கம்பியைச் செங்குத்தாக அழுத்து. 40 சென்டிமீட்டர் தடையில்லாமல் இறங்கினால் கொத்தே வேண்டாம். 15, 20-இல் நின்றால் அங்கே இறுகிய அடுக்கு இருக்கிறது. கல்லில் இடித்து நின்றிருக்கவும் கூடும், அதனால் ஒரு பாத்தியில் ஐந்தாறு இடத்தில் பார்.

அட்டை விரிப்பதில் தவறு நடக்கும் இடங்கள் சில. ஒட்டுப் பட்டையையும் ஊசியையும் உரித்துவிடு. பளபளப்பு அச்சுள்ள அட்டையைத் தள்ளு. விளிம்புகள் 15 சென்டிமீட்டராவது ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும், இல்லையென்றால் அந்த இடுக்கு வழியாகத்தான் அருகம்புல் தலை நீட்டும். மட்கு போடும் முன் அட்டை சொதசொதவென்று நனைய வேண்டும். காய்ந்த அட்டை மேலிருந்து வரும் தண்ணீரைத் தடுக்கும். கோரை மட்டும் இதற்கெல்லாம் அடங்காது. அதன் கிழங்கிலிருந்து கிளம்பும் கூர்முளை அட்டையைக் குத்திக்கொண்டு மேலே வரும். கோரை உள்ள பாத்தியில் முதலில் கிழங்கைத் தோண்டி எடு.

சதுர அடி முறையை அமெரிக்கரான மெல் பார்தலோமியு 1981-இல் பிரபலமாக்கினார். 30 சென்டிமீட்டர் சதுரத்துக்கு 16 கேரட், 9 குத்துப் பீன்ஸ், 4 லெட்யூஸ் என்ற அந்த இடைவெளிக் கணக்கு அருமை, அதை எடுத்துக்கொள். அவருடைய மண் கலவையை மட்டும் விட்டுவிடு. மூன்றில் ஒரு பங்கு பீட் மாஸ், அதாவது பாதி மட்கிய பாசி. அது சதுப்பு நிலத்தை வெட்டி எடுப்பது, வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் திரும்ப வளரும். பெர்மாகல்ச்சர் இந்தப் பட்டியலில் சேராது. 1970களில் ஆஸ்திரேலியாவில் பில் மொலிசனும் டேவிட் ஹோம்கிரனும் உருவாக்கியது அது. தண்ணீர் எங்கே ஓடுகிறது, தினம் பறிப்பதைக் கதவுக்கு எத்தனை அருகில் வைப்பது என்று இடத்தைத் திட்டமிடும் முறை. பாத்தி போடும் நுட்பத்தோடு அதை ஒப்பிட முடியாது.

குவியலுக்கு வருவோம். ஒரு வாளி ஈரக் கழிவுக்கு மூன்று வாளி காய்ந்த சருகு, இதுதான் அடிப்படை. கரிமம் முப்பது பங்கு, தழைச்சத்து (நைட்ரஜன்) ஒரு பங்கு என்ற விகிதத்துக்கு அது பக்கத்தில் வரும். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் சூடு ஏறாது; சேமித்து வைத்து ஒரே நாளில் ஒரு மீட்டர் உயரம் கட்டு. மூன்று நான்கு நாளில் 55 முதல் 65 டிகிரிக்கு ஏறும். இறங்கத் தொடங்கியதும் புரட்டு. ஒரு பிடியை இறுகப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டுத்தான் வர வேண்டும். மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி வந்தால் சருகு போதவில்லை. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போதவில்லை.

வைக்கோலோ சாணமோ வெளியிலிருந்து வருகிறது என்றால் ஒரு சோதனையை விடாதே. அமினோபைரலிட் வகைக் களைக்கொல்லி அகன்ற இலைச் செடிகளைத்தான் கொல்லும், புல்லைக் கொல்லாது. புல்லைத் தின்ற மாட்டின் சாணத்திலும் தங்கும், மட்கிய பிறகும் தங்கும். மூன்று தொட்டியில் மட்கும் மண்ணும் பாதிக்குப் பாதி, மூன்றில் வெறும் மண். ஒவ்வொன்றிலும் மூன்று பீன்ஸ் விதை, மூன்று வாரம். மட்கு போட்ட தொட்டியில் மட்டும் இளம் இலை கிண்ணம் போல் குழிந்து, நரம்புகள் நெருங்கி முறுக்கிக்கொண்டால் அந்த மட்கைப் பாத்தியில் சேர்க்காதே.

மண்ணை மூடிப் போடும் சருகுப் போர்வையான மூடாக்கு 5 முதல் 8 சென்டிமீட்டர், தண்டைத் தொடாமல் நாலு விரல் தள்ளி. பச்சைப் புல்லை 2 சென்டிமீட்டருக்கு மேல் போட்டால் பாய் போல் ஒட்டி அழுகும். மரத்தூளும் சில்லும் மேலே கிடந்தால் பாதகமில்லை. மண்ணோடு கலந்தால் நுண்ணுயிர்கள் தழைச்சத்தைத் தாம் பிடித்துக்கொள்ளும், செடியின் கீழ் இலை வெளுக்கும்.

செண்டுமல்லியைப் பற்றியும் கேட்டிருந்தாய். மூலைக்கு ஒன்று நட்டால் கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான். வேரைத் தாக்கி முடிச்சாக்கும் வேர்முடிச்சு நூற்புழுவுக்கு எதிராக அது வேலை செய்ய வேண்டுமென்றால் பாத்தி முழுக்க நெருக்கமாக, குறைந்தது இரண்டு மாதம் அது மட்டுமே நிற்க வேண்டும்.

உன் நான்கு பாத்திக்கு நான் சொல்வது இது. கம்பி நன்றாக இறங்கும் பாத்தி ஒன்றில் அட்டையும் 540 லிட்டர் மட்கும். இறுகிய இரண்டில் ஒரே ஒரு தடவை இரட்டைக் கொத்து, மேல் மண்ணில் 5 சென்டிமீட்டர் மட்கு கலந்து. இரண்டுக்கும் 360 லிட்டர். மொத்தம் 900, இரண்டு குவியலில் அடங்கிவிடும். நான்காவதில் மட்கே வேண்டாம். சணப்போ தட்டைப்பயறோ நெருக்கமாக விதைத்து, பூ எட்டிப் பார்க்கும்போது தரையோடு அறுத்து அங்கேயே பரப்பு, வேரை மண்ணிலேயே விடு. அறுக்கும் முன் ஒரு செடியைப் பிடுங்கி வேர் முடிச்சொன்றை நகத்தால் கிள்ளிப் பார். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்துச் சேர்கிறது. வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் அடுத்த தடவை விதைக்கு ரைசோபியம், அதாவது அந்த முடிச்சுகளில் தழைச்சத்தைச் சேர்க்கும் பாக்டீரியா, தடவு. அறுத்து மூன்று வாரம் கழித்து நடவு.

நான்கு பாத்தியிலும் கம்பி எத்தனை சென்டிமீட்டர் இறங்கியது என்று எழுது. கோரை எந்தப் பாத்தியில் என்பதையும் மறக்காமல் சொல்.

அன்புடன்,
கதிர்