உங்கள் சனிக்கிழமைகளுக்கு நன்றி

புசானில் என்னோடு வேலை பார்த்த டீச்சர்களுக்கும், மாடி வீட்டு ஒன்னிக்கும் (கொரிய மொழியில் அக்கா), பல்கலைக்கழகத் தம்பிகளுக்கும்,

விடைபெற்ற அன்று ஆளுக்கொரு வாழ்த்து அட்டை கொடுத்தேன். அதில் கொரிய மொழியில் மூன்று வரிகள் இருந்தன. இரண்டு வருடத்தில் நான் கற்றுக்கொண்ட கொரிய மொழி அவ்வளவுக்குத்தான் போதுமாக இருந்தது. மிச்சத்தைத் தமிழில்தான் சொல்ல வருகிறது. தம்பிகள் இதை உங்களுக்குப் படித்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அப்புறம், உங்களைப் பற்றி என் மொழிக்காரர்கள் நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்ற ஆசையும் எனக்கு உண்டு.

மதுரையில் பிறந்து, ஆக்லாந்தில் வளர்ந்து, புசானில் ஓர் ஆரம்பப் பள்ளிக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்தவள் நான். வந்த முதல் வாரமே, கறியும் மீனும் சாப்பிட மாட்டேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். கொரியாவில் அது லேசான காரியம் இல்லை. வெறும் காய்கறி சூப் என்று நினைப்போம், அடியில் நெத்திலி போட்டுக் கொதிக்கவைத்த சாறு இருக்கும். கிம்ச்சி ஊறுகாயிலும் பெரும்பாலும் மீன் சாறோ உப்பு இறாலோ சேர்ந்திருக்கும். சத்துணவு டீச்சர் அன்று கேட்டுக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். திங்கட்கிழமை என் மேஜையில் அந்த மாத உணவுப் பட்டியல் இருந்தது. நான் சாப்பிடக்கூடியவற்றுக்கு நேரே பச்சைப் பேனாவில் ஒரு சின்ன இலை வரைந்திருந்தார். இரண்டு வருடமும் ஒரு மாதம்கூட அந்த இலை தவறவில்லை டீச்சர். அந்தப் பட்டியல்களை எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஐந்தாம் வகுப்பு டீச்சர் எங்கே கூட்டிப்போனாலும் முதல் நாளே கடைக்குப் போன் போட்டுவிடுவார். பேச்சு எனக்குப் புரியாது. நடுவில் ‘மியொல்ச்சி’ என்ற சொல் மட்டும் காதில் விழும். நெத்திலிக்கு அதுதான் பெயர். அந்தச் சொல் கேட்டாலே எனக்காகத்தான் பேசுகிறார் என்று தெரிந்துவிடும். புத்தர் பிறந்தநாளன்று அவருடைய அம்மாவோடு பொம்ஒசா கோயிலுக்குப் போனோம். 678ஆம் ஆண்டில் தொடங்கிய கோயில் அது. அன்று வருகிறவர்கள் எல்லாருக்கும் பிபிம்பாப், அதாவது காய்கறி கலந்த சாதம், போடுகிறார்கள். வரிசையில் நின்று தட்டை வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டு, "இன்றைக்குப் போன் போட வேண்டியதில்லை, கவலைப்படாமல் சாப்பிடு" என்று சிரித்தார் டீச்சர். கோயில் சமையலில் கறி, மீன் மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூடக் கிடையாது.

ஒரு நாள் துணைத் தலைமையாசிரியர் பேச்சுவாக்கில் சொன்னார்: 2012க்குப் பிறகுதான் இங்கே எல்லாச் சனிக்கிழமையும் பள்ளிக்கு விடுமுறை. அதற்கு முன்னால் சனிக்கிழமைகளிலும் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்களாம். உங்களில் பலர் அப்படி வேலை பார்த்து, பிறகு கிடைத்த விடுமுறை அது. வீட்டில் பிள்ளைகள், துணி, வயதான மாமியார் என்று ஆயிரம் இருக்க, அதில் எத்தனை நாட்களை எனக்குக் கொடுத்தீர்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்தச் சனிக்கிழமைகளில், கும்ஜொங்சான் மலை ஏறியதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதன் உச்சி கொதாங்பொங், 801 மீட்டர். அக்டோபர் மாதம், நல்ல வெயில். சாதாரண விளையாட்டு ஷூவில் ஏறிவிட்டேன். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. உச்சியில் பாறையில் உட்கார்ந்து கிம்பாப் (கடல்பாசியில் சுற்றிய சாத உருளை) சாப்பிட்டோம். என் பங்கில் ஹாமும் மீன் அடையும் இல்லாமல் தனியாகச் சுற்றி, தாளின் மேல் என் பெயரை எழுதிவைத்திருந்தார்கள். இறங்கும்போது, மலைக்கோட்டையின் வடக்கு வாசல் தாண்டிப் பொம்ஒசா பக்கம் போகும் கல் பாதையில் வலது கால் பிசகிவிட்டது. நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நர்ஸ் டீச்சர் தன் கழுத்துத் துண்டை அவிழ்த்துக் கணுக்காலில் எட்டுப் போல மாற்றி மாற்றிச் சுற்றினார். சுற்றி முடித்து, கட்டு இறுக்கமா என்று பெருவிரல் நகத்தை அழுத்தி நிறம் திரும்புகிறதா என்று பார்த்தார். அதற்குள் உடற்கல்வி ஆசிரியர் முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்துவிட்டார். நான் வேண்டாம் வேண்டாம் என்கிறேன், அவர் எழுந்திருக்கவே இல்லை. சரி என்று ஏறிக்கொண்டேன். சின்ன வயதில் அப்பா உப்பு மூட்டை தூக்கியதுக்கு அப்புறம் யாரும் என்னை அப்படிச் சுமந்ததில்லை. படிக்கட்டு வந்தால் அவர், சமதளம் வந்தால் நர்ஸ் டீச்சரின் கணவர் என்று மாறி மாறித் தூக்கி வந்தார்கள். கோயில் வாசலில் 90ஆம் நம்பர் பேருந்தில் ஏற்றி உட்கார வைத்தபோது உடற்கல்வி ஆசிரியரின் சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது. "கனமாக இருந்தேனா சார்?" என்று கேட்டதற்கு, "பள்ளியில் நாங்கள் தூக்கும் மெத்தை இதைவிடக் கனம்" என்றார். அடுத்த வாரம் நர்ஸ் டீச்சர் தன்னுடைய மலையேறும் பூட்ஸைக் கொண்டுவந்து என் மேஜைக்கு அடியில் வைத்தார். பிறகு நான் ஏறிய மலைகள் எல்லாம் அந்தப் பூட்ஸில்தான்.

சாஜிக் மைதானத்தில் பேஸ்பால் பார்த்த இரவையும் எழுதாமல் இருக்க முடியாது. புசான் ஆட்களுக்குத் தங்கள் ஊர் அணியான லோட்டே ஜயண்ட்ஸ் என்றால் வீட்டுப் பிள்ளை மாதிரி. பந்து கூட்டத்துக்குள் வந்து பெரியவர் யாராவது பிடித்துவிட்டால், மைதானமே "ஆ ஜுரா!" என்று கத்துகிறது. புசான் பேச்சில் ‘ஆ’ என்றால் பிள்ளை, ‘ஜுரா’ என்றால் கொடு. எங்களுக்கு மூன்று வரிசை முன்னால் ஒருவர் பந்தைப் பிடித்தார். சத்தம் எழும்பியதும் சுற்றும்முற்றும் பார்த்து, ஐந்தாம் வகுப்பு டீச்சரின் மகளிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். ஒரு கூட்டம் முழுவதும் சேர்ந்து ஒரு குழந்தைக்காகக் கேட்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நூலக டீச்சர் கிம்ஹே கிம் வம்சம். இந்தியாவிலிருந்து கப்பலில் வந்து சுரோ மன்னரை மணந்த ஹொ ஹ்வாங்-ஓக் அரசி தன் பாட்டி என்பார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் சம்குக் யூசா என்ற கொரிய நூல் அந்த அரசியின் ஊரை ‘அயுதா’ என்கிறது. அயோத்தி என்பவர்கள் உண்டு, நம் குமரிப் பக்கம் என்பவர்களும் உண்டு. டீச்சருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. பக்கத்து ஊரான கிம்ஹேயில் அந்த அரசியின் கல்லறை முன் குனிந்து வணங்கி, "பாட்டி, உங்கள் ஊர்ப் பெண் வந்திருக்கிறாள்" என்று என்னை அறிமுகம் செய்துவைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பும் வழியில் தொங்சாங் சந்தையில் பருப்பும் கடுகும் வாங்கி, அன்று இரவே தம்பிகள் அறையில் சாம்பார் வைத்தோம். நீங்கள் மூன்று கிண்ணம் குடித்தீர்கள் டீச்சர், ஞாபகம் இருக்கிறதா?

ஒன்னி, ஞாயிறு காலைகளில் கதவைத் தட்டி "கடற்கரைக்கு வா" என்று கூப்பிடுவீர்களே, இப்போது அந்த நேரத்துக்குத் தானாக விழிப்பு வந்துவிடுகிறது.

நர்ஸ் டீச்சர், பூட்ஸைக் கழுவி நிழலில் காயவைத்து உங்கள் அறை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு வந்தேன். வலது காலுக்கு மட்டும் கயிறு புதிது. பழையது போன மாதம் மலையில் அறுந்துவிட்டது.