சுன் லீ இல்லாத ஆட்டம்

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுதாததற்குச் சோம்பல் காரணமில்லை, என் வலது கட்டைவிரல்தான் காரணம். மணிக்கட்டுப் பக்கமாக தசைநார் வீங்கியிருக்கிறதாம். “கைக்கு என்ன வேலை கொடுக்கிறீர்கள்?” என்று டாக்டர் கேட்டார். “ஆபீஸில் நாள் முழுக்கக் கணக்கு எழுதுகிறேன்” என்று பாவமாகச் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள், “ராத்திரி இரண்டு மணி நேரம் கேம் ஆடுவதையும் சொல்லும்மா” என்று போட்டுக் கொடுத்துவிட்டாள். நாற்பத்தெட்டு வயதில் அப்படி ஒரு பார்வையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். இப்போது விரலுக்குப் பட்டை கட்டியிருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் அம்மாவுக்கு மூட்டு அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. நடக்கச் சொன்னால் அலுத்துக்கொள்வார்கள், விட்டுவிடாதே. நீ வேலை மாறியதைப் பற்றி இரண்டே வரி எழுதியிருக்கிறாய். ஆனால் ஜோயல் செத்ததைப் பற்றி முழுசாக நான்கு பக்கம்! உன்னை எனக்குத் தெரியும் என்பதால் சிரிக்கவில்லை.

சரி, அந்த நான்கு பக்கத்துக்கே வருகிறேன். ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ வீடியோ கேமின் இரண்டாம் பாகத்தில், முதல் பாகத்து நாயகன் ஜோயலை அடித்துக் கொன்ற ஆபியையே ஏறக்குறைய பாதி ஆட்டத்துக்கு நம் கையில் கொடுக்கிறார்கள், அதனால் கண்ட்ரோலரைக் கட்டிலில் எறிந்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். 2020-இல் வந்த ஆட்டத்தை இவ்வளவு காலம் கழித்து ஆடிவிட்டு இன்றைக்குக் கோபப்படுகிறாய். அதோடு, “எனக்குப் பிடித்தவர்கள் இல்லாத தொடர் எனக்கு எதற்கு? ஆட்டம் எப்படி இருந்தால் என்ன?” என்றும் ஒரு வரி. முப்பது வருஷமாக நாம் போடும் அதே சண்டை.

ஞாபகம் இருக்கிறதா? உன் அண்ணன் கொண்டுவந்த மெஷின், அதில் தேய்ந்துபோன ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ கேசட். அந்தச் சண்டை ஆட்டத்தில் நாம் எடுக்கக்கூடிய எட்டுப் பேரில் ஒருத்திதான் பெண். நீ சுன் லீயைத் தவிர யாரையும் தொட்டதில்லை. உதை பட்டனை விடாமல் தட்டித் தட்டி, அந்த மின்னல் காலை வரவழைத்து, என்னைச் சுவரோரமாகத் தள்ளிவிடுவாய். நான் எப்போதும் கைல். “கையில ஒண்ணும் இல்லாதவதான் கைலை எடுப்பா” என்று கேலி செய்வாய். எனக்கு அவன் முகமும் பிடிக்காது, அந்தத் துடைப்பம் போன்ற முடியும் பிடிக்காது. பின்பக்கமாக அழுத்திப் பிடித்துக் காத்திருந்து, சரியான நேரத்தில் முன்னால் தள்ளிக் குத்தினால் சோனிக் பூம் பறக்கும். அந்தக் காத்திருப்புதான் எனக்குப் பிடிக்கும். ஆக, நீ ஆளைப் பார்த்து எடுத்தாய், நான் ஆட்டத்தைப் பார்த்து எடுத்தேன் என்று இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் 1997-இல் மூன்றாம் பாகம் வந்தது. பழையவர்களில் ரியூவும் கென்னும் மட்டும்தான், மற்ற எல்லோரும் புது முகம். படங்களைப் பார்த்தே நீ ஆட மாட்டேன் என்று சொல்லிவிட்டாய். அடி விழும் கணத்தில் முன்பக்கமாகத் தட்டினால் அடியை ரத்தமில்லாமல் தள்ளிவிடலாம், அதற்குப் பேர் பேரி, எவ்வளவு அழகான விஷயம் என்றெல்லாம் நான் விளக்கினேன். நீ காதில் வாங்கவில்லை. கடைசியில் ஆட்டத்தைச் செய்த கேப்காம் கம்பெனியே உன் பக்கம் வந்துவிட்டது. 1999-இல் வந்த ‘தர்ட் ஸ்டிரைக்’கில் சுன் லீயைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2008-இல் நான்காம் பாகம் வந்தபோது இரண்டாம் பாகத்தின் கூட்டம் மொத்தமும் ஆஜர். அந்த மூன்றாம் பாகத்தின் ஆட்டமுறையை இன்றைக்கும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. அவர்கள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது எது? 2004-இல் ஈவோ என்ற சண்டை ஆட்டப் போட்டியில், நூலிழை உயிரோடு நின்ற ஜப்பான் ஆட்டக்காரர் டைகோ உமெஹாராவின் கென், எதிராளியுடைய சுன் லீயின் 15 உதைகளையும் ஒன்றுவிடாமல் தட்டிவிட்ட அந்தச் சில நொடிகளை. என் பேரி ஜெயித்தது, ஆனால் ஜெயிப்பதற்கு எதிரில் உன் சுன் லீ நிற்க வேண்டியிருந்தது. இதை அன்றைக்கே நீ சொல்லிக் காட்டியிருக்கலாம், ஏனோ விட்டுவிட்டாய்.

ஆனாலும் உன் வரியை அப்படியே ஒத்துக்கொள்ள முடியாது. பிடித்தவர்கள் இருந்தால் போதும் என்றால் ‘ரெசிடென்ட் ஈவில் 6’-ஐ நாம் இருவரும் கொண்டாடியிருக்க வேண்டும். 2012-இல் லியான், கிரிஸ், ஏடா என்று நமக்குப் பிடித்தவர்களை எல்லாம் வரிசையாக நிறுத்தினார்கள். பயம் காட்ட வேண்டிய ஆட்டம் வெடிகுண்டுப் படமாகிவிட்டது. பாதியில் தூங்கிப்போனது நீ, நான் இல்லை. ஐந்து வருஷம் கழித்து ஏழாம் பாகம். ஈதன் என்று எவனோ ஒருவன், முகத்தைக்கூடச் சரியாகக் காட்டமாட்டார்கள், நமக்குத் தெரிவதெல்லாம் அவன் இரண்டு கைகள்தான். அதில் ஒன்றை ஆரம்பத்திலேயே அறுத்து, பிறகு ஸ்டேப்லர் அடித்து ஒட்டுகிறார்கள். விரலில் பட்டையோடு அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அந்த முகமில்லாதவனோடு நீ விடிய விடிய உட்கார்ந்திருந்தாய். யார் அவன்? உனக்கு என்ன சொந்தம்?

இன்னொன்று சொல்கிறேன், இது எனக்குப் பிடித்த கதை. 1986-இல் ஜப்பானில் வந்த ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ் 2’ ரொம்பக் கஷ்டம், அமெரிக்காவுக்கு ஒத்துவராது என்று நின்டெண்டோ கம்பெனிக்காரர்கள் நினைத்தார்கள். அதற்குப் பதிலாக, 1987-இல் ‘டோகி டோகி பேனிக்’ என்ற பெயரில் வந்திருந்த வேறொரு ஆட்டத்தை எடுத்து, அதிலிருந்த நான்கு பேர் குடும்பத்தைத் தூக்கிவிட்டு, மரியோ, லூயிஜி, பீச், டோட் நால்வரையும் வைத்து 1988-இல் அனுப்பினார்கள். வாங்கியவர்களுக்கு அது மரியோதான். இதைக் கேட்டதும், “பார்த்தாயா, ஆளை மாற்றினால் போதும், பெயர்ப்பலகைதான் எல்லாம்” என்று நீ சொல்வாய். ஆனால் அந்தப் பழைய குடும்பத்தில் லீனா என்று ஒரு பெண் இருந்தாள். குதித்தால் கொஞ்ச நேரம் காற்றில் மிதப்பாள். அவள் இடத்தில் பீச் வந்ததால் பீச் மிதந்தாள். இன்றைக்கும் ‘ஸ்மாஷ் பிரதர்ஸ்’ ஆட்டத்தில் பாவாடையை விரித்துக்கொண்டு பீச் மிதக்கிறாளே, அது லீனாவின் நடை. ஒருத்தி போன பிறகும் அவள் அசைவு இன்னொருத்தி உடம்பில் உயிரோடு இருக்கிறது. இதில் எது பாத்திரம், எது ஆட்டம் என்று பிரித்துக் காட்டு பார்க்கலாம். மரியோவின் மீசைக்கும் இதே கதைதான். 1981-இல் அவன் முதன்முதலாக வந்தபோது திரையில் இருந்த நாலு புள்ளியில் வாய் வரைய இடமில்லை, அதனால் மூக்குக்குக் கீழே மீசை. தலைமுடி வரைய முடியாததால் தொப்பி. வசதிக்காக ஒட்டியதெல்லாம் முகமாகிவிட்டது.

பிரிக்க முடியும் என்று நினைத்தவர்கள் உண்டு. மார்வெல் காமிக்ஸ் ஆட்களும் கேப்காம் ஆட்களும் மோதும் ‘மார்வெல் வெர்சஸ் கேப்காம்: இன்ஃபினிட்’ 2017-இல் வந்தபோது, மார்வெலின் எக்ஸ்-மென் ஆட்கள் ஒருவர்கூட இல்லை. அந்தக் கூட்டத்து மேக்னீட்டோ எங்கே என்று கேட்டதற்கு, யோசித்துப் பார்த்தால் பாத்திரங்கள் வெறும் ஃபங்ஷன்கள்தானே என்கிற மாதிரி கம்பெனித் தரப்பிலிருந்து ஒரு பதில் வந்தது. கல்யாண ஃபங்ஷன் இல்லை கலா, ஒரு கருவி செய்யும் வேலை என்ற பொருளில். மேக்னீட்டோ எட்டுத் திசையிலும் பாய்வான், அதனால்தானே பிடிக்கிறது? அதே வேலையைச் செய்ய வேறு ஆள் இருக்கிறார்கள், போதுமே என்று. ரசிகர்கள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கிழித்து எடுத்துவிட்டார்கள். முகம் பிடிக்காத கைலை இத்தனை வருஷம் தோளில் சுமந்தவள் நான். அந்தப் பதிலைப் படித்ததும் நான் தலையாட்டியிருக்க வேண்டும். ஆனால் எனக்கும் கோபம்தான் வந்தது, ஏன் என்று அப்போது தெரியவில்லை.

தெரிந்தது ஆபியால்தான். நீ எறிந்துவிட்ட இடத்திலிருந்து நான் தொடர்ந்து ஆடினேன். முதல் பாதியில் நம் கையில் இருக்கும் எல்லி கத்தியால் சட்டென்று முடிப்பவள், ஆபி அப்படி இல்லை, கனமாகக் கைகளால் அடிப்பாள். முதல் இரண்டு மணி நேரம் அவள் உடம்பு எனக்கு ஒத்துவரவே இல்லை, இரவல் செருப்பு மாதிரி. எரிச்சலோடுதான் ஆடினேன். உயரமான இடத்தில் நின்று கீழே பார்த்தால் அவளுக்கு மூச்சு வாங்கும். அப்போதெல்லாம் நான் கண்ட்ரோலரின் குச்சியை மெதுவாகத் தள்ளுவேன், எதற்கு என்று தெரியாமலே. அவளைப் பிடித்துப்போனது என்று சொல்ல மாட்டேன். கை பழகிவிட்டது, அவ்வளவுதான்.

பிறகு அந்த நாடக அரங்கம். நான் ஆபி, எதிரில் எல்லி. எல்லி மறைந்து நிற்கிறாள், பொறி வைக்கிறாள், பின்னாலிருந்து வருகிறாள். எல்லாம் அத்தனை மணி நேரம் அவள் உடம்புக்குள் இருந்துகொண்டு நான் செய்த தந்திரங்கள். என்னை நானே துரத்துவது போல இருந்தது. எல்லியை அடிக்கும் பட்டனை அழுத்த விரல் போகவில்லை. இது வலி வருவதற்கு முன்னால் நடந்தது. ஆட்டத்தை நிறுத்திவிட்டு மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வந்தும் வேறு வழியில்லை, அழுத்தாவிட்டால் ஆபி சாவாள், மறுபடி முதலிலிருந்து.

படத்திலும் கதையிலும் பிடித்தவர்கள் சாகத்தான் செய்கிறார்கள், அழுகிறோம், சரி. இது வேறு. அவள் எப்படிப் பதுங்குவாள் என்று என் விரலுக்குத் தெரியும். ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ ஆடியபோது ஏரித் செத்ததற்கு நீ மூன்று நாள் பேசாமல் இருந்தாயே, அதையும் இப்போது வேறு மாதிரி நினைத்துப் பார்க்கிறேன். கூட்டத்தில் எல்லோருக்கும் காயம் ஆற்றுகிறவள் அவள். அவளுடைய கடைசித் திறனைத் தேடி நாம் அலைந்த அலைச்சல் கொஞ்சமா? அவள் போனபோது அந்தத் திறனும் போனது, அடுத்த சண்டையிலேயே பட்டியலில் அவள் இடம் காலி. நீ அழுதது அந்த அழகான முகத்துக்கு என்று நினைத்தேன். காயம் பட்டதும் அவளைத் தேடிப் போகும் உன் கைக்கும் சேர்த்துத்தான் அழுதிருக்கிறாய். ஃபங்ஷன் என்று சொன்னவர் சொன்னது பொய்யில்லை. ஒரு வேலை போனால் இப்படி வலிக்கும் என்பதை மட்டும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை. மேக்னீட்டோவோடு பல வருஷம் பாய்ந்த விரலுக்கு வேறொருத்தரைக் கொடுத்து, பாய்ச்சல் ஒன்றுதானே என்றால் எப்படி?

அதனால் உனக்கு என் பதில் பாதிதான். சுன் லீ இல்லாத ஆட்டத்தை நீ தொடாமல் விட்டதை இத்தனை வருஷம் பிடிவாதம் என்றேன், அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஆபியை எறிந்தது அவசரம். அவளுக்கு நீ கையையே கொடுக்கவில்லை. ஜோயலும் முதல் நாளே உனக்குச் சொந்தமாகிவிடவில்லை, பல ராத்திரி பிடித்தது. ஒரு தொடர் பழையவர்களையே சுற்றிச் சுற்றி வந்தால் கடைசியில் ரெசிடென்ட் ஈவில் 6 மாதிரி குரூப் போட்டோவில் போய் முடியும். இன்னும் இரண்டு மணி நேரம் ஆடிப் பார். பிறகும் எறிய வேண்டும் போல இருந்தால் எறி, கட்டிலில்தானே.

என் மகள் கதையைச் சொல்லாமல் முடிக்க முடியாது. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ 2023-இல் வந்ததே, அதை இப்போதுதான் வாங்கினோம். அவள் யாரை எடுத்தாள் தெரியுமா? உன் ஆளைத்தான், நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் அதில் மாடர்ன் என்று ஒரு முறை இருக்கிறது. ஒரு பக்கம் தள்ளி ஒரே பட்டனைத் தட்டினால் போதும், பெரிய அடியெல்லாம் தானாக வந்து விழுகிறது. அவள் சோபாவில் சாய்ந்துகொண்டு, ஒற்றை விரலால் தட்டி, சுன் லீயை வைத்து என்னை வரிசையாக நான்கு முறை அடித்தாள். எனக்கு வந்ததே கோபம்! “இது சுன் லீயே இல்லடி! சுன் லீ என்றால் பட்டன் தேய வேண்டும், கலா அத்தையைக் கேள்!” என்று கத்திவிட்டேன். அவள் திரையைக் காட்டி, “அதே டிரெஸ், அதே கொண்டை, அப்புறம் என்னம்மா?” என்றாள். நான் ஆட்டத்துக்காகச் சண்டை போட்டேனா, ஆளுக்காகப் போட்டேனா? இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

பட்டையை இன்னும் இரண்டு வாரத்தில் அவிழ்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் விடுமுறைக்கு அம்மாவையும் அழைத்துக்கொண்டு வா, அவருக்குப் படி ஏற வேலையில்லாத கீழ் அறையை ஒழித்து வைக்கிறேன். கண்ட்ரோலர் இரண்டு இருக்கிறது. மகளுக்குப் பரீட்சை முடிந்திருக்கும், ஆனால் முதல் ஆட்டம் நமக்குத்தான். மாடர்ன் எல்லாம் கிடையாது.

அன்புடன்,
சுமதி