கேஸ் மாத்திரை எந்த வாயுவுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் விருந்து சாப்பிட்ட மறுநாள் மருந்துக்கடையில் "கேஸ் மாத்திரை ஒரு அட்டை" என்று கேட்டு வாங்குவது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் கிடைப்பது பான்டோபிரசோல் அல்லது ஒமிப்ரசோல். இவை இரைப்பையில் அமிலம் சுரப்பதைக் குறைப்பவை, நெஞ்செரிச்சலுக்குக் கேட்கும். ஆனால் வயிறு உப்பிக் காற்றாகப் பிரிவது பெரும்பாலும் பெருங்குடல் விவகாரம். அதற்கு இந்த மாத்திரை எதுவும் செய்யாது.

செட்டிநாட்டு மண்டிக் குழம்பில் போடும் மொச்சையையே பார்ப்போம். அதிலுள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளை உடைக்கும் நொதி நம் சிறுகுடலில் கிடையாது. அவை அப்படியே பெருங்குடலுக்குப் போக, அங்குள்ள பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து ஹைட்ரஜனும் கரியமில வாயுவும், சிலருக்கு மீத்தேனும் உண்டாக்குகின்றன. சாப்பிட்ட உடனே இல்லாமல் சில மணி நேரம் கழித்து வயிறு ஊதுவது இதனால்தான். நல்ல வேளை, இவை தண்ணீரில் கரையும். ஒரு கப் காய்ந்த மொச்சைக்கு நாலு கப் தண்ணீர் விட்டு 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, இடையில் ஒரு தடவை தண்ணீரை மாற்றி, கடைசியில் வடித்துக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் மலர வேகவிட வேண்டும். சத்துப் போய்விடுமே என்று ஊறிய தண்ணீரிலேயே வேகவைப்பதில்தான் கோளாறு. மண்டிக்கு வேண்டியது அரிசி கழுவிய தண்ணீர், மொச்சை ஊறிய தண்ணீர் அல்ல.

வாயுவுக்கு நல்லது என்று சேர்க்கும் பூண்டிலும், சின்ன வெங்காயத்திலும் உள்ள ஃபிரக்டான் என்ற சர்க்கரை வகையும் இப்படியே புளிக்கும். அது எண்ணெயில் கரையாது. ஆகவே உப்புசத் தொல்லை உள்ளவர்கள் பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளிக்கலாம், மணம் குறையாது. சோடா குடித்ததும் வரும் ஏப்பமோ சோடாவில் அடைத்த வாயுதான், செரித்ததற்கு அடையாளம் இல்லை. மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகளுக்கு அந்த மருந்தாலேயே வயிறு உப்பலாம். தாங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால் மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றுவார்.

எங்களுக்குப் பெரிய கவலை வேறு. நெஞ்சு அழுத்தம், வியர்வை, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, மூச்சு வாங்குதல் வந்தால் அதை 'வாயுப் பிடிப்பு' என்று இஞ்சிச் சாறு கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. மாரடைப்பு மேல்வயிற்று வலியாகவும் வரும். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமலும் வரும். உடனே 108-ஐ அழைக்க வேண்டும். எடை குறைதல், கறுத்த மலம், விழுங்கச் சிரமம், 50 வயதைத் தாண்டிய பெண்களுக்குப் புதிதாக வந்து வாரக்கணக்கில் போகாத உப்புசம், இவற்றுக்கும் பரிசோதனை தேவை.

மருந்துக்கடை நடத்துபவர்கள் அட்டையை நீட்டும் முன் "எந்த இடத்தில் தொந்தரவு, எத்தனை நாளாக?" என்று கேட்டுவிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
உணவியல் ஆலோசகர்கள் இருவர்,
காரைக்குடி.