அது எலும்பு இல்லை, பந்தல்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் அறிவியல் பக்கத்தில், செல்லுக்குள் இருக்கிற நுண்குழல்களை (microtubules) 'செல்லின் எலும்புக்கூடு' என்று எழுதியதோடு விட்டுவிட்டீர்கள். நானும் வகுப்பில் பல வருஷம் அப்படித்தான் சொன்னேன், ஆனால் எலும்பு என்றதும் பிள்ளைகள் மனதில் அசையாத ஒன்றுதான் வருகிறது. உண்மையில் இது மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினத்தில் சவுக்குக் கழி நட்டுப் போடுகிற பந்தல் மாதிரி, அதுவும் ஒரு பக்கம் கட்டும்போதே இன்னொரு பக்கம் பிரிக்கிற பந்தல்.

டியூபுலின் என்ற புரதம் ஜோடி ஜோடியாக அடுக்கி, பெரும்பாலும் 13 சரங்கள் ஒட்டி நின்று, சுமார் 25 நானோமீட்டர் அகலக் குழலாகிறது. வந்து சேரும் ஜோடியிடம் மூன்று பாஸ்பேட் உள்ள ஜிடிபி (GTP) என்ற சிறு மூலக்கூறு (பொருளாதாரப் பக்கத்து ஜிடிபி இல்லை!) இருக்கும். சேர்ந்த கொஞ்ச நேரத்தில் ஒரு பாஸ்பேட் கழன்றுவிடும், அப்புறம் அந்த ஜோடி வெளிப்பக்கம் வளையப் பார்க்கும். நுனியில் புதிதாக வந்தவை தொப்பி போல இறுக்கிப் பிடித்திருக்கும் வரை சரி. வரத்து குறைந்து தொப்பி போனால் சரங்கள் வாழைப்பழத் தோலாக உரிந்து, வளர்ந்ததைவிட வேகமாகக் குழல் சுருங்கும். பாதியில் நின்று மறுபடி வளர்வதும் உண்டு. ஒரே கரைசலில் சில குழல்கள் வளர, சில தேய்வதை மிட்சிசன், கிர்ஷ்னர் என்ற ஆய்வாளர்கள் 1984இல் எழுதினார்கள்.

இது வீண் வேலை இல்லை. செல் இரண்டாகும்போது குரோமோசோம் எங்கே என்று குழலுக்குத் தெரியாது, நீண்டு துழாவும், அகப்படாவிட்டால் சுருங்கி வேறு பக்கம் நீளும், வலை வீசுகிறவரைப் போல.

எங்கள் தெரு மணலில் தானாக முளைக்கிற நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கிற வின்கிரிஸ்டின் என்ற மருந்து இந்தப் பந்தலைக் கட்ட விடாது. யூ (yew) என்ற ஊசியிலை மரத்திலிருந்து வந்த பாக்லிடாக்சல் பிரிக்க விடாது. எதைத் தடுத்தாலும் செல் இரண்டாக முடியாமல் திணறும், அதனால்தான் இரண்டுமே புற்றுநோய்க்கு மருந்து. என் மனைவிக்கு ஏற்றியது பாக்லிடாக்சல். விரல் நுனி மரத்துப்போய் இன்றும் அவளால் பூத் தொடுக்க முடியவில்லை. நரம்புச் செல்லில் சரக்குப் போகிற தடமும் இதே குழல்தான் என்பது, விலங்கியல் வாத்தியாராக இருந்தும், அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த முறை படம் போடும்போது, நேராக நிற்கிற குழலுக்குப் பக்கத்தில் நுனி பிய்ந்து விரிந்த குழல் ஒன்றையும் போடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.